தீர்மானப் புத்தகத்தை யாரு படிக்கா?

தண்ணி கொண்டுவந்த குரூஸ் பர்னாந்துக்கு ஊருக்குள்ள சிலை வச்சிருக்கோம். நியாயம்தான். ஆனா அந்தக் கூட்டங்கள்ல யாரு என்ன கேட்டா, என்ன முடிவாச்சுன்னு எழுதிவச்ச குமாஸ்தா பேரு யாருக்காவது தெரியுமா மக்கா? மாநகராட்சியில இந்த வேலைக்குன்னே மன்றப் பிரிவு இருக்கு. கூட்டத்துக்கு முன்னாடி பொருள் பட்டியல் அனுப்பணும், முடிஞ்சதும் தீர்மானத்தைப் பதிவேட்டுல ஏத்தணும்.

கவுன்சிலர் எதுக்கு, ஆபிசரே போதும்னு சிலபேர் பேசுறாங்க. அதையும்தான் பார்த்துட்டோமே! 2016 அக்டோபர்ல மன்றத்தோட பதவிக்காலம் முடிஞ்சது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியிலதான். நடுவுல ஆணையரே தனி அலுவலர். ஆபிஸ் வைக்கிற பொருளுக்கு ஆபிஸே ஒப்புதல். 2018 மே மாசம் துப்பாக்கிச்சூட்டுல 13 பேர் செத்தப்போ, மன்றத்துல எந்திரிச்சு ஒரு வார்த்தை பேச, அதைப் பதிவேட்டுல ஏத்தச் சொல்ல, 60 வார்டுக்கும் சேர்த்து ஒரு ஆள் கிடையாது.

எழுதுற கை மட்டும் இருந்தாப் பத்தாதுங்க, கேக்குற வாயும் வேணும், படிக்கிற கண்ணும் வேணும். ஒவ்வொரு கூட்டத்துத் தீர்மானமும் தமிழ்ல, வார்டு வாரியா வெளிய வரணும். 2005 தகவல் உரிமைச் சட்டத்தோட 4வது பிரிவும் கேக்குறதுக்கு முன்னாடியே தகவலைக் குடுங்கன்னுதான் சொல்லுது.

உங்க ஊர்ல எப்படி? சொல்லுங்க.