பிராங்க்கும் ரூபாயும்: பாண்டியில் ஒரு தப்புக் கணக்கு

"அவங்களுக்கென்ன, சொல்தா வீடு! மாசம் பொறந்தா யூரோ வந்துடும்." புதுச்சேரியில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. சொல்தா என்றால் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தப் பேச்சோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வரும். 1962இல் இவர்கள் பிராங்க்கின் மதிப்பைப் பார்த்துத்தான் பிரெஞ்சுக் குடியுரிமையை எடுத்துக்கொண்டார்கள், காசுக்காக நாட்டையே மாற்றிக்கொண்டார்கள் என்ற குற்றச்சாட்டு அது.

இது சரிதானா? நாணயங்களின் சரித்திரத்தைப் புரட்டினால் கணக்கு உதைக்கிறது.

முதலில் ஒரு விஷயம். பிரெஞ்சுக்காரன் ஆண்டபோதும் பாண்டியில் புழங்கியது பிராங்க் அல்ல, ரூபாய்தான். பழைய நாணயங்களுக்கு அவர்கள் வைத்திருந்த பனோன், துது, காஷ் என்ற பெயர்களும் நம்முடைய பணம், துட்டு, காசுதான்! பிறகு பாங்க் தெ லேந்தோஷின் என்ற வங்கி நோட்டு அச்சடித்தபோதும் அது ரூபாய் நோட்டாகவே இருந்தது. பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கும் அதற்கும் ஒரே மதிப்பு. சுற்றிலும் பிரிட்டிஷ் இந்தியா இருக்கும்போது வேறு வழியும் இல்லை.

அந்த ரூபாய்க்கும் பிராங்க்குக்கும் என்ன விகிதம்? முதல் உலகப்போருக்கு முன்பு ஒரு பவுனுக்கு 15 ரூபாய், அதே பவுனுக்குச் சுமார் 25 பிராங்க். அதாவது ஒரு ரூபாய் கொடுத்தால் 1.68 பிராங்க் கிடைக்கும். ரூபாய்தான் பெரிய காசு!

போர் முடிந்ததும் பிராங்க் சரிந்தது. 1928இல் பிரான்ஸ் அதை ஒரு பவுனுக்கு சுமார் 124 பிராங்க் என்று நிலைநிறுத்தியபோது, ஒரு ரூபாய்க்கு 9 பிராங்க்குக்கு மேல் கிடைத்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இன்னும் மோசம். 1954 நவம்பர் 1 அன்று பாண்டியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தபோது ஒரு டாலருக்கு 4.76 ரூபாய், 350 பிராங்க். ஒரு ரூபாய்க்கு 73 பிராங்க்! நாற்பது வருடங்களாக ரூபாய்க்கு எதிரே தேய்ந்துகொண்டே வந்த நாணயம் அது.

1960இல் பிரான்ஸ் இரண்டு பூஜ்யங்களை வெட்டி, 100 பழைய பிராங்க்கை ஒரு புது பிராங்க் ஆக்கியது. டாலருக்கு 4.93 பிராங்க். ஆக, ஒரு புது பிராங்க் சுமார் 96 பைசா.

இப்போது தேதியைப் பாருங்கள். இணைப்பு ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. அன்றிலிருந்து ஆறு மாதத்திற்குள் எழுத்து மூலம் கேட்டவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. சுமார் ஐந்தாயிரம் பேர் கேட்டார்கள். அவர்கள் கையெழுத்துப் போட்ட நாளில் ஒரு பிராங்க் ஒரு ரூபாய்கூடப் பெறவில்லை! 1966 ஜூன் 6 அன்று இந்திய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைக்கும் என்றோ, பிராங்க் ஒரே நாளில் ஒன்றரை ரூபாய் ஆகும் என்றோ அவர்களுக்கு எந்த ஜோசியன் சொன்னான்? 1969இல் பிரான்சும் தன் பங்குக்கு மதிப்பைக் குறைத்து அதை 1.35 ரூபாய்க்கு இறக்கியது வேறு கதை. நாணய மதிப்பைப் பார்த்து முடிவெடுத்தார்கள் என்பது பின்னால் நடந்ததை முன்னால் கொண்டுபோய் ஒட்டுகிற வேலை.

"சரி, பிற்பாடு ஏறியதே, அதில்தானே பணக்காரர் ஆனார்கள்?" என்று கேட்கலாம். அதையும் பார்ப்போம். 2002இல் பிராங்க் போய் யூரோ நோட்டு வந்தது. ஒரு யூரோ 6.55957 பிராங்க். 2025இல் யூரோ 100 ரூபாயைத் தாண்டியது. அப்படியானால் பழைய பிராங்க் ஒன்றுக்கு இன்று 15 ரூபாய்க்குமேல். அறுபது வருடங்களில் சுமார் 16 மடங்கு. பெரிய ஏற்றம்தான். ஆனால் 1962இல் ஒரு ரூபாய்க்கு வயிறாரச் சாப்பிடலாம். இன்று 15 ரூபாய்க்கு ஒரு டீ குடித்தால் வடைக்கு யோசிக்க வேண்டும். விலைவாசியோடு ஓடியதில் பிராங்க்தான் தோற்றது.

அப்படியானால் சொல்தா வீட்டின் வசதி எங்கிருந்து வந்தது? பென்ஷன் தொகை பிரான்சின் சம்பளத்தோடும் விலைவாசியோடும் சேர்ந்து உயர்ந்துகொண்டே வந்ததில்தான். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குச் சாட்சி ஆப்பிரிக்கா. அதே ராணுவத்தில், அதே போர்களில் நின்ற செனகல் வீரர்களின் பென்ஷனை 1959 டிசம்பரில் போட்ட ஒரு சட்டம் உறைய வைத்தது. அவர்கள் நாடு சுதந்திரம் பெற்றது, அவர்களும் அந்நாட்டுக் குடிமக்கள் ஆனார்கள், தொகை அங்கேயே நின்றுவிட்டது. அமாது தியோப் என்ற செனகல் வீரரின் வழக்கில் 2001 நவம்பரில் பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் இது பாரபட்சம் என்றது. 2010 மே மாதம் அரசியல் சாசனக் கவுன்சிலும் குறுக்கிட்டது. அதற்குள் பலர் கண்ணை மூடிவிட்டார்கள்.

செனகல் வீரர் இழந்தது நாணய மாற்றில் அல்ல, ஒரு காகிதத்தில். பாண்டிக்காரர் காப்பாற்றிக்கொண்டதும் அதையேதான். உழைத்துச் சேர்த்த உரிமையை விட்டுவிடக் கூடாது என்று ஒருவர் நினைப்பது பேராசை ஆகுமா? கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் நிற்கிறது. இந்தோசீனாவரைக்கும் போய் நின்றவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே தெருக்களில்தான் நடக்கிறார்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. யூரோ ஏறிக்கொண்டே இருக்கவில்லை. 2013 ஆகஸ்டில் 90 ரூபாயைத் தொட்டது, 2015 ஏப்ரலில் 70க்கும் கீழே போனது. பாரிசில் பென்ஷன் ஒரு சென்ட்கூடக் குறையவில்லை, ஆனால் பாண்டியில் அந்த வீட்டின் வருமானத்தில் நாலில் ஒரு பங்கு காணாமல் போனது. வீட்டு வாடகையும் பேரனின் ஸ்கூல் பீசும் ரூபாயில்தானே கட்ட வேண்டும்?

எனவே பொறாமைப்படுகிறவர்கள் தாராளமாகப் படட்டும். அதற்குத் தேசத்துரோகம் என்று பெயர் வைப்பதற்கு முன், 1962இல் ஒரு பிராங்க் எத்தனை பைசா என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசட்டும்.