மிதிவண்டி பேசலாம், மாணவன் பேசலாகாதோ?

தொலைக்காட்சியில் கண்ட அறிவியற் புனைகதையைப் பற்றி மாணவர் கூடி வாதிட்டால், வீண் பேச்சென்று வாயடைக்கும் ஆசிரியப் பெருமக்களைக் கேட்கிறேன்: தமிழில் ஊகிக்கவும் மறுக்கவும் நிறுவவும் வகுப்பில் நீங்கள் பயிற்சி அளித்ததுண்டா?

ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தூர்தர்சனில் நாடகமாகவும் வந்தது. நாட்டை ஆளும் ஜீவா மெய்யான மனிதனா, ஒளியாலான வெற்றுருவமா? நூல்களைப் படித்துச் சிந்திக்கும் இயந்திர நாய் ஜீனோவுக்கு உயிருண்டு என்னலாமா? இத்தகைய கதையைக் கண்ட மாணவன் ஒரு விடையை ஊகித்து, முன்வந்த காட்சியைச் சான்று காட்டுகிறான், தோழன் மறுக்கிறான். பரிமேலழகர் பிறருரையை மறுத்தால் புலமை. பள்ளிப்பிள்ளை மறுத்தால் அரட்டையோ?

2003ஆம் ஆண்டு நம் தமிழ்ப்பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டபோது கொதித்தெழுந்தோம். 2009இல் அத்திட்டத்தைக் கைவிட அரசு முடிவுசெய்தது, மகிழ்ந்தோம். ஆனால், கோலா சாவா போன்ற தோட்டப்புறங்களில், பாடநூலை மூடிய பின் அறிவியலைத் தமிழில் பேசப் பிள்ளைகளுக்கு வேறு களம் எது? தானாக அமைந்த களத்தையும் நாமே அடைக்கிறோம்.

கட்டுரைப் பாடத்தில் 'நான் ஒரு மிதிவண்டி' என்று தன்கதை எழுதச் சொல்கிறோமே! இயந்திரம் வாய்திறந்து தன் வரலாறு கூறுவது அங்கே இலக்கியப் பயிற்சி. ஜீனோவைப் பற்றி வாய்திறந்தால் மட்டும் பிரம்பை எடுப்பது என்ன நீதி?