மோர்ப் பானை

புரட்டாசி பிறந்துவிட்டால் ஆவடி நெடுஞ்சாலையில் மஞ்சள் வேட்டிகளும் மஞ்சள் சேலைகளும் தென்படும். எல்லாம் திருப்பதிக்கு நடந்து போகிறவர்கள்! பாடி, அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் என்று சுமார் 130 கிலோ மீட்டர் நடை. அதோடு விட்டதா? அலிபிரியிலிருந்து மலை ஏற 3,550 படிகள்!

"இதென்ன பிரமாதம்?" என்கிறான், கல்லூரியில் படிக்கும் என் தம்பி. அமெரிக்காவில் பசிபிக் மலைமுகட்டுப் பாதை என்று ஒன்று உண்டாம். மெக்ஸிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை, பாலைவனமும் பனிமலையும் தாண்டி 4,200 கிலோ மீட்டருக்கு மேல். 1968-ல் அரசாங்கமே அங்கீகரித்த பாதை. நடந்து முடிக்க ஐந்து மாதம் ஆகும். தெற்கே, பாலைவனப் பகுதியில், தண்ணீருக்குத் திண்டாட்டம். முன்பின் தெரியாத யாரோ தண்ணீர் கொண்டுவந்து வழியில் வைத்துவிட்டுப் போவார்களாம். நடக்கிறவர்கள் அவர்களைத் 'தேவதைகள்' என்றே அழைக்கிறார்கள்.

அப்படி ஒரு தேவதை ஆவடியிலும் இருக்கிறாள். எனக்குத் தெரிந்த மாமிதான். முப்பது வருஷமாக அவளுக்கும் நடந்து போக ஆசை. குழந்தைகள், மாமியார், பரீட்சை என்று தள்ளிப் போட்டாள். இப்போது முழங்கால் இடம் கொடுக்கவில்லை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மோர்ப் பானையோடு வாசலில் நிற்கிறாள்.

"வருத்தமாக இல்லையா, மாமி?" என்று கேட்டேன்.

"இல்லாமல் என்ன? ஆனால், எல்லோருமே நடந்து போய்விட்டால் மோர் கொடுப்பது யார்?" என்றாள்.

அந்தச் சாலையில் குடியிருக்கும் சகோதரிகளே! மோர் முடியாவிட்டால் போகிறது, ஒரு குடம் தண்ணீராவது வாசலில் வையுங்கள்.