கூத்துக் களரியும் கமரா வில்லையும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இரவிரவாக ஆடப்பெறும் வடமோடி, தென்மோடிக் கூத்துக்களைப் படமெடுத்து வைத்தல் வேண்டும். அதற்கென நம் கல்லூரி மாணவர்க்கு ஒரு வில்லை வாங்கியளித்தல் வேண்டும் என்று பழைய மாணவர் சிலர் கருதுகின்றனர். போற்றத்தக்க கருத்தே. ஆயினும், வாங்குவது எஃப் 1.2 என்னும் விலையுயர்ந்த வில்லையாகவே இருத்தல் வேண்டும் என்பாரோடு நாம் உடன்படுகின்றோமில்லை.

இருளிற் படமெடுக்க அகன்ற துவாரமுடைய வில்லை இன்றியமையாதது. பிளாஷ் ஒளி ஆடுவோர் கண்ணைக் கூசச் செய்யும். களரியின் இயல்பான ஒளியழகையும் கெடுக்கும். கமராவோடு கூட வரும் வில்லைகள் பல, நீட்டிய நிலையில் எஃப் 5.6 அளவே திறப்பன. குறைந்த விலையிற் கிடைக்கும் எஃப் 1.8 வில்லையோ அதனிலும் ஒன்பது மடங்குக்கு மேற்பட்ட ஒளியை உட்கொள்ளும். எஃப் 1.2 வில்லை கொள்ளும் ஒளி, இந்த எஃப் 1.8 வில்லையினதைப்போல் இரண்டேகால் மடங்கு மாத்திரமே. விலையோ பல மடங்கு.

மற்றுமொரு தடையும் உண்டு. முழுச்சட்டகக் கமராவில் 50 மில்லிமீற்றர் வில்லையைப் பொருத்திப் பத்தடித் தூரத்திற் படமெடுத்தால், எஃப் 1.8 இல் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர், எஃப் 1.2 இல் ஏறத்தாழ 27 சென்ரிமீற்றர். சுழன்றாடும் கூத்தன் ஓரடி முன்வைத்தால் அந்த எல்லையைக் கடந்துவிடுவான்.

மெழுகுதிரி ஒளியிற் காட்சிகளை எடுக்க, ஸ்டான்லி குப்ரிக் 1975 இல் வெளிவந்த ‘பாரி லிண்டன்’ படத்திற்கு எஃப் 0.7 வில்லையைக் கையாண்டார். அன்றைய பிலிமின் உணர்திறன் குறைவு. ஆதலின் அது தேவையாயிற்று. இன்றைய கமராவில் உணர்திறனைச் சற்று உயர்த்தியே அக்குறையைப் பெரிதும் நிரப்பலாம். படத்திற் சிறிது மணற்றன்மை தோன்றும், அதனாற் பேரிழப்பில்லை.

திருமணப் படமெடுத்துப் பிழைப்போர்க்கு விலையுயர்ந்த வில்லை ஊதியந் தரலாம். நம் நோக்கமோ வேறு. சட்டங்கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என்னும் படிகள் யாவற்றையும் பதிவுசெய்தல் வேண்டும். அதற்கு மாணவர் பலமுறை வாவி கடந்து ஊர்களுக்குச் செல்லல் வேண்டும். அண்ணாவிமாரின் குரலையும் மத்தள ஒலியையும் பதியும் கருவி வேண்டும். எடுத்தவற்றை இரு படிகளாகப் பேணுதல் வேண்டும். ஆகவே, எஃப் 1.8 வில்லையை வாங்கி, எஞ்சும் பணத்தை இவற்றிற்கு ஒதுக்குமாறு பழைய மாணவரை வேண்டுகின்றோம். வில்லையை நாளையும் வாங்கலாம். முதிய அண்ணாவியார் ஒருவர் மறைந்தபின் அவர் நினைவிலிருந்த கூத்தை எவ்விலை கொடுத்தும் வாங்க இயலாது.