கல்லுக்கு வயது உண்டு, திசையும் உண்டு!



புதுச்சேரி கடற்கரைச் சாலையில், அலையைத் தடுக்கக் கொட்டி வைத்திருக்கும் பாறைகளைப் பார்த்திருப்பீர்கள். 'அதன் மேல் ஏறாதே' என்று வீட்டில் திட்டு வாங்காதவர்கள் நம் ஊரில் குறைவு! அவை இந்த மண்ணில் முளைத்தவை அல்ல. நம் காலுக்கு அடியில் இருப்பது மணலும் களிமண்ணும்தான். மேற்கே உள்ள குவாரிகளில் இருந்து லாரியில் வந்த கற்கள் அவை. நடைபாதையில் நின்றபடியே உற்றுப் பாருங்கள். சில கற்களில் கறுப்பும் வெளுப்புமாகக் கோடுகள் ஓடும். பாறையில் விழும் கோடுகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். கூடவே ஒரு கோரிக்கையும் உண்டு.

கோடு விழுந்த கல் எல்லாம் ஒரே கதையைச் சொல்வதில்லை. ஆனால் சேலம், நாமக்கல், கரூர், கோவை வட்டாரத்தில் பல பாறைகளின் கோடுகளுக்கு ஒரு விசேஷக் காரணம் உண்டு. இங்கிருந்து மாகேவுக்குச் சாலை வழியாகப் போகிறவர்கள் ஆத்தூர், சேலம், கோவை, பாலக்காடு என்று போவார்கள் அல்லவா? அந்த வழியில் வெகு தூரம், பூமியின் மேலோடு ஒரு காலத்தில் இழுபட்டு நகர்ந்த இடத்தின் மேல்தான் பஸ் ஓடுகிறது. ஆத்தூர்ப் பள்ளத்தாக்கு, பவானி, மோயாறு பள்ளத்தாக்குகள், பாலக்காட்டுக் கணவாய் எல்லாம் இதைச் சேர்ந்தவை. பாலக்காடு - காவிரி 'ஷியர் ஸோன்' என்பார்கள் நிலவியல் அறிஞர்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 200 பக்க நோட்டு ஒன்று போதும், புரிந்துவிடும்.

நோட்டை மேஜை மேல் வையுங்கள். தாள்களின் ஓரத்தில், பக்கவாட்டில், பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள். இப்போது அடி அட்டையைப் பிடித்துக்கொண்டு மேல் அட்டையை ஒரு பக்கமாகத் தள்ளுங்கள். வட்டம் சாய்ந்த முட்டை போல ஆகிவிட்டதா? நீங்கள் தள்ளியதைப் பார்க்காத நண்பன்கூட, சாய்வைப் பார்த்து எந்தப் பக்கம் தள்ளினீர்கள் என்று சொல்லிவிடுவான்.

பாறை எப்படி அப்படி வளையும்? சுத்தியலால் அடித்தால் உடையும்தான். ஆனால் பூமிக்குள் 10, 15 கிலோமீட்டர் ஆழத்தில் சூடு 300 டிகிரியைத் தாண்டும். அங்கே பாறை உருகாது, உடையவும் உடையாது. ஜவ்வு மிட்டாய் போல மெல்ல மெல்ல இழுபடும். அதில் இளகாத கெட்டிப் படிகங்கள் மட்டும் கண்கள் போலத் தங்கிவிடும். அந்தக் கண்ணின் இரு பக்கமும் வால் போல நீண்டிருக்கும். எந்தப் பக்கம் எது நகர்ந்தது என்பதை அந்த வால்கள் காட்டிக்கொடுத்துவிடும்! மேலே இருந்த பாறை எல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் கரைந்து போனதால், ஆழத்தில் நடந்தது இன்று நம் கண்ணுக்குத் தெரிகிறது.

இப்படிப்பட்ட பாறைக்கு 1885ஆம் ஆண்டு சார்லஸ் லாப்வொர்த் என்ற அறிஞர் 'மைலோனைட்' என்று பெயர் வைத்தார். மாவு அரைக்கும் ஆலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்த பெயர். பாறை அரைபட்டுவிட்டது என்று அவர் நினைத்தார். அரைபடவில்லை, சூட்டில் சின்னச் சின்னப் படிகங்களாக மறுபடி உருவாகி இருக்கிறது என்பது பிறகு தெரிந்தது. பெயர் மட்டும் மாறவில்லை!

சரி, இது எப்போது நடந்தது? பாறைக்குள் ரவையை விடவும் சின்னதாக 'ஸிர்கான்' என்ற மணிகள் இருக்கும். இந்த மணி உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தைச் சேர்க்காது. யுரேனியமோ தானாகவே மெல்ல ஈயமாக மாறும். அதில் முக்கிய வகை பாதியாகக் குறைய ஏறக்குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். ஆக, மணிக்குள் எவ்வளவு ஈயம், எவ்வளவு யுரேனியம் என்று அளந்தால் வயது கிடைத்துவிடும். இன்னொரு வேடிக்கை: பாறை மறுபடி சூடானால் பழைய மணியைச் சுற்றிப் புதிய தோல் வளரும். உள்ளே ஒரு வயது, தோலுக்கு ஒரு வயது!

ஆனால் மணியின் வயது மட்டும் போதாது. வாசலில் கோலத்தின் மேல் சைக்கிள் தடம் இருந்தால், கோலம் முதலில், சைக்கிள் பிறகு. தடத்தின் மேல் கோலம் இருந்தால் நேர்மாறு. பாறையிலும் அப்படித்தான். வெள்ளை நரம்பு ஒன்று கோடுகளோடு சேர்ந்து வளைந்திருந்தால், அது இழுபறிக்கு முன்பே வந்தது. கோடுகளைக் குறுக்கே வெட்டி நேராகப் போனால், எல்லாம் முடிந்த பிறகு வந்தது. இரண்டின் வயதையும் அளந்தால், இழுபறி நடந்த காலம் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

இப்படித் தேடியதில், அந்த வட்டாரத்துப் பாறைகளில் சுமார் 250 கோடி ஆண்டுகள், சுமார் 55 கோடி ஆண்டுகள் என்று இரண்டு காலங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இரண்டாவது காலத்தில்தான் இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டின. நம் காவிரிக் கரையில் அப்போது ஒரு கடல் மூடிக்கொண்டதா, மடகாஸ்கரில் உள்ள எந்தப் பட்டை நம்முடையதன் தொடர்ச்சி என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை.

அந்தச் சண்டை தீர, வயதோடு திசையும் வேண்டும். இங்கேதான் என் கவலை. கடற்கரையில் கிடக்கும் கல்லை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனால் வயது சொல்லிவிடுவார்கள். அது வடக்கே நகர்ந்ததா, கிழக்கே நகர்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. லாரியில் ஏறிய அன்றே அது திசையைத் தொலைத்துவிட்டது. அதனால்தான் அறிஞர்கள் மாதிரிக் கல்லை உடைப்பதற்கு முன்பே திசைகாட்டி வைத்து அம்புக்குறி போட்டுக்கொள்கிறார்கள்.

பாகூர் மூலநாதர் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டு இருக்கிறது. அதை உடைத்து ஜல்லி ஆக்க விடுவோமா? சேலம், நாமக்கல் பக்கத்துப் பாறையில் அதைவிடப் பல லட்சம் மடங்கு பழைய எழுத்து இருக்கிறது. அது ஜல்லியாகும்போது நமக்கு வலிப்பதில்லை.

குவாரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கும் ரோட்டுக்கும் ஜல்லி வேண்டும். குவாரி வெட்டிய பிறகுதான் உள்ளே இருக்கும் நல்ல பாறைமுகம் தெரிகிறது என்பதும் உண்மை. நான் கேட்பது சின்ன விஷயம். கோடும் கண்ணும் நன்றாகத் தெரியும் இடங்களில் ஒரே ஒரு சுவரை வெட்டாமல் விடுங்கள். பக்கத்தில் ஒரு பலகை வையுங்கள். 1851இல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம், நமக்குப் பக்கத்தில் உள்ள திருவக்கரைக் கல்மரங்களையும், சென்னை பரங்கிமலைப் பாறையையும் தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களாக அறிவித்திருக்கிறது. 2022 டிசம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம் இத்தகைய இடங்களைக் காக்க ஒரு சட்ட வரைவையும் வெளியிட்டது. இழுபட்ட பாறைகளுக்கும் அந்த மரியாதையைக் கொடுத்தால் என்ன?

அதுவரை நீங்கள் ஒன்று செய்யலாம். சேலம், கோவைப் பக்கம் போகும்போது சாலையோரத்தில் கோடு விழுந்த பாறையைக் கண்டால், பெரியவர்கள் துணையோடு ஒரு படம் எடுங்கள். அளவு தெரிய, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். கல்லை உடைக்கவோ பெயர்க்கவோ கூடாது. குவாரிக்குள் கால் வைக்கவே கூடாது. வெடி வைப்பார்கள், ஆழமான தண்ணீரும் நிற்கும். படத்தோடு ஊர்ப் பெயர், தேதி, வடக்கு எந்தப் பக்கம் என்ற அம்புக்குறி மூன்றும் இருக்கட்டும். அம்புக்குறி இல்லாத படத்துக்கு என்னிடம் மதிப்பெண் கிடையாது!