99.7 வீதத்துக்கு வெளியே

மெல்பேர்ணில் இருக்கும் அண்ணா, நல்லாபோர் சமவெளியைக் கரவனில் கடக்கப் போகிறார். எந்த சிம் நல்லது என்று கேட்டார். 2009இல் வன்னியிலிருந்து வராத அழைப்புக்காக இரவிரவாகக் காத்திருந்தவர். விளையாட்டாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை.

டெல்ஸ்ட்ரா, அவுஸ்திரேலிய மக்களில் 99.7 வீதத்தினருக்குச் சேவை எட்டுவதாகச் சொல்கிறது. அது தலைக்கணக்கு. 76 இலட்சம் சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட நாட்டில் அது சொல்லும் பரப்பு 30 இலட்சம்தான். அதுவும் வெளியே அன்டெனா பொருத்தினால்! பரப்பைக் கூட்டிக் காட்டியதாக 2025 மே மாதம் வொடபோன் குற்றஞ்சாட்டியதும் இதை வைத்தே. ஆனாலும் ஒப்டஸின் பரப்பு 10 இலட்சம் அளவே.

மலிவு சிம்கள் பல டெல்ஸ்ட்ராவின் கோபுரங்களையே பாவித்தாலும் முழு வலையமைப்பும் அவற்றுக்குக் கிடைப்பதில்லை, பூஸ்ட் விதிவிலக்கு. அதையும், வெளி அன்டெனாவோடு கூடிய சமிக்ஞைப் பெருக்கியையும் வாங்கச் சொன்னேன். பெருந்தெருவை விட்டு விலகினால் செய்மதித் தொலைபேசியும் வேண்டும்.