அடுத்த திகதியைச் சொல்லுங்கள்

மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டி என்று சொன்ன நாளைவிட, அதை வெட்டி எடுப்பதாக இருந்த நாள் தள்ளிப்போனதுதான் என் அக்காவை அதிகம் உலுக்கியது. முதல் செய்தி கேட்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி கிளினிக், பயொப்சி, ஸ்கேன் என்று ஒவ்வொன்றாக முடித்தாள். இரண்டாவது செய்திக்கு அவள் அழவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். இப்போது சத்திரசிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து தினமும் ஒரு மாத்திரையோடு நடமாடுகிறாள். "என்ர பேரைப் போடாத. மற்றதெல்லாம் எழுது" என்று சொன்னதால் எழுதுகிறேன்.

அது ஒரு அரசாங்க ஆஸ்பத்திரி. முதல் நாளே வார்ட்டில் சேர்ந்துவிட்டாள். தோடு, மூக்குத்தி, தாலிக்கொடி எல்லாவற்றையும் கழற்றி ஒரு கைலேஞ்சியில் முடிந்து என்னிடம் தந்தாள். நள்ளிரவுக்குப் பிறகு சாப்பாடில்லை, தண்ணீருமில்லை. அடுத்த நாள் மத்தியானம் பார்வையாளரை உள்ளே விட்டபோது, வெறுங் கட்டிலைத்தான் பார்ப்பேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவள் தியேட்டர் கவுணோடு, கையில் கனுலாவோடு, உதடு காய்ந்து அப்படியே இருந்தாள். மிஸ்ஸி வந்து சிங்களத்தில் என்னவோ சொல்லிவிட்டுப் போனாராம். பக்கத்துக் கட்டிலில் இருந்த முஸ்லிம் அம்மாதான் தமிழில் விளங்கப்படுத்தினார்: "இண்டைக்கு இல்லையாம் மகள். பிறகு கோல் பண்ணுவாங்களாம்."

பிறகு என்றால் எப்போது? அதைச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. அவசரக் கேஸ் ஒன்று வந்ததும், மயக்க மருந்து டொக்டர் ஒருவர் குறைவாக இருந்ததும் காரணம் என்று பின்னர் அறிந்தோம். அந்த மிஸ்ஸியில் எனக்குக் கோபமில்லை. இரண்டு பேருடைய வேலையை ஒருவராகச் செய்துகொண்டிருந்தார்.

சத்திரசிகிச்சை தள்ளிப்போவது எங்கள் நாட்டுக்கு மட்டும் வந்த சோதனையல்ல. 2020இல் கொரோனா உச்சத்தில் இருந்த 12 வாரங்களில் உலகம் முழுவதும் சுமார் 2 கோடி 80 இலட்சம் சத்திரசிகிச்சைகள் தள்ளிவைக்கப்படும் என்று கணக்கிட்டார்கள். அதற்குப் பிறகு நம் இலங்கைக்கு 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. மருந்துப் பொருட்களில் 80 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் டொலர் தீர்ந்தால் தியேட்டர் கதவு மூடும் என்பதை அந்த ஆண்டுதான் பலர் கண்டுகொண்டோம். மார்ச் கடைசியில் பேராதனை போதனா வைத்தியசாலை, மருந்தில்லாததால் அவசரமற்ற சத்திரசிகிச்சைகளை நிறுத்துவதாக அறிவித்தது. அப்போது கொழும்பில் இருந்த இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் எப்படி உதவலாம் என்று பேசும்படி தன் நாட்டு உயர்ஸ்தானிகரைப் பணித்தார். மே மாதமளவில் மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை டொக்டர்களே, காலையில் திட்டமிட்ட ஒப்பரேசனைப் பொருட்கள் இல்லாமல் அன்றைக்குச் செய்ய முடியாமல் போகிறது என்று வெளிநாட்டுச் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்று எங்கெல்லாமோ இருந்து வந்து நிற்கிறவர்கள் நிறைந்த வைத்தியசாலை அது. பெற்றோல் இல்லாத அந்த மாதங்களில் அவர்கள் எப்படித் திரும்பிப் போனார்களோ!

சரி, தள்ளிப்போனால் உயிருக்கு என்ன ஆகும்? அக்கா இரவு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இதுதான். இதற்குப் பதில் இருக்கிறது. 2020 நவம்பரில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை ஒன்றில் வந்த ஆய்வு, 12 இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளர்களின் விபரங்களைத் திரட்டிப் பார்த்தது. மார்பகப் புற்றுநோய் சத்திரசிகிச்சை 4 வாரம் பிந்தினால் இறப்பு அபாயம் ஏறத்தாழ 8 சதவீதம் கூடுகிறது. நூற்றுக்குப் பத்துப் பேர் இறக்கக்கூடிய நிலை என்றால், அது பதினொன்றை நெருங்குகிறது. 12 வாரம் பிந்தினால் அபாயம் 26 சதவீதம் கூடுகிறது. ஆகவே ஒரு கிழமை பிந்தியதால் எல்லாம் போச்சு என்று நித்திரையைக் கெடுக்கத் தேவையில்லை. "மெல்ல வரட்டும், என்ன அவசரம்" என்று மாதக்கணக்கில் விட்டுவிடவும் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாக விளங்கிக்கொண்ட அன்றுதான் அக்கா ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

இன்னொன்றையும் கிளினிக்கில் கேட்டறிந்தோம். ஹோர்மோனால் வளர்கிற வகைக் கட்டி என்றால், ஒப்பரேசன் வரும்வரை தமொக்சிபென் அல்லது லெட்ரொசோல் மாத்திரையைத் தொடங்கிக் கட்டியை அடக்கி வைக்கலாம். கொரோனா காலத்தில் பல நாடுகளில் டொக்டர்கள் இந்த வழியைத்தான் பிடித்தார்கள். வேறு சில வகைகளுக்கு முதலில் கீமோ கொடுத்துவிட்டுப் பிறகு வெட்டுவார்கள். எது யாருக்குப் பொருந்தும் என்பதை பயொப்சி அறிக்கையைப் பார்த்து டொக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நாங்கள் வாய் திறந்து கேட்கும்வரை இது எங்களுக்குத் தெரியாது. காத்திருக்கும்போது கட்டி பெருத்தாலோ, தோல் சிவந்தாலோ, காம்பிலிருந்து நீர் வடிந்தாலோ, கோல் வருமென்று பார்த்துக்கொண்டிராமல் நேரே கிளினிக்குக்குப் போக வேண்டும். இரத்தப் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் பழசாகிவிட்டனவா என்றும் கேட்டு வையுங்கள். புதுத் திகதியன்று அதற்காகவும் திருப்பி அனுப்பிவிடக்கூடும்.

வீட்டில் நடந்தது வேறு கதை. லண்டனில் இருந்தும் டொரொன்டோவில் இருந்தும் வட்ஸ்அப்பில் ஆலோசனை வந்தபடி இருந்தது. முள்ளு அன்னமுன்னா இலையைக் கசாயம் வைத்துக் குடித்தால் ஒப்பரேசனே தேவைப்படாதாம். அப்படிச் சொன்னவர்களுக்கு அன்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தள்ளிப்போன ஒப்பரேசனைத் தானாகவே கைவிட வைப்பது இந்த மாதிரிப் பேச்சுத்தான். "நல்லதுக்குத்தான் தள்ளிப்போகுது" என்றார் ஒரு பெரியம்மா. அக்கா எழும்பி உள்ளே போய்விட்டாள். தயவுசெய்து இந்த வசனத்தை ஒரு நோயாளியிடம் சொல்லாதீர்கள்.

நகையை அடகு வைத்துத் தனியாருக்குப் போவோமா என்றும் பேசினோம். பகலில் அரசாங்க வார்ட்டைப் பார்க்கிற நிபுணர்தான் பின்னேரம் தனியார் ஆஸ்பத்திரியிலும் இருப்பார். அங்கே திகதி உடனே கிடைக்கும், ஆனால் இலட்சக் கணக்கில் செலவு. காசுள்ளவளுக்கு நாளைக்கு, இல்லாதவளுக்குப் பிறகு என்பது நோயைவிடக் கொடுமை. அக்கா மறுத்துவிட்டாள். மகளுக்குக் கலியாணம் பேசுகிற நேரம், நகை கையைவிட்டுப் போகக்கூடாது என்பது ஒரு காரணம். அதே கலியாணத்துக்காகத்தான் பக்கத்து வீட்டுக்கும் தெரியாமல் நோயை மறைத்தாள். அந்த மறைப்புத்தான் அவளுடைய காத்திருப்பை இரண்டு மடங்கு கனமாக்கியது என்று நான் நினைக்கிறேன். வெளியில் சொல்லியிருந்தால் குறைந்தது ஒரு மனுசியாவது வந்து பக்கத்தில் இருந்திருக்கும்.

அவளைத் தூக்கி நிறுத்தியது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. பிசியோதெரபி மிஸ் காட்டிக்கொடுத்த கைப்பயிற்சி. சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏற வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு தோள் இறுகிப் போகாமல் இருக்கச் செய்வது. முன்னதாகவே தொடங்கினால் நல்லது என்றார்கள். குசினிச் சுவரில் இரண்டு கையும் எட்டிய உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்தாள், ஒப்பரேசனுக்குப் பிறகு திரும்ப அந்தக் கோட்டை எட்டிப் பிடிக்க வேண்டும் என்று. பின்னேரங்களில் காலி வீதி இரைச்சலைத் தாண்டித் திருநந்தீஸ்வரம் கோயில்வரை நடந்துவிட்டு வருவோம். இரத்தம் குறையாமல் இருக்க முட்டையும் கீரையும் மீனும் சாப்பிட்டாள். காத்திருந்த நாட்கள் ஒப்பரேசனுக்கு உடம்பைத் தயாராக்குகிற நாட்களாக மாறியதும் அவளுக்குப் பேச்சும் திரும்பி வந்தது.

ஆனால் ஒரு நோயாளி தன்னைத் தானே தேற்றிக்கொள்வதை நம்பி ஒரு சுகாதாரத் துறை இருக்க முடியாது. மருந்து தட்டுப்படும், டொக்டர் வெளிநாடு போவார், அவசரக் கேஸ் வரும். அது எங்களுக்கும் விளங்கும். விளங்காதது, ஒரு திகதியை எடுத்துவிட்டு இன்னொரு திகதியைக் கொடுக்காமல் அனுப்புவது. தமிழும் அரசகரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று. அப்படியிருக்க, தன் உடம்பைப் பற்றிய செய்தியைப் பக்கத்துக் கட்டில்காரர் மொழிபெயர்த்துத்தான் ஒரு பெண் அறிய வேண்டுமா? ஏன் தள்ளிப்போனது, அடுத்த திகதி எது, எந்த இலக்கத்துக்கு எடுத்துக் கேட்பது என்று மூன்று வரி, தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்த ஒரு துண்டு போதும். இதற்கு டொலர் வேண்டாம். சுகாதார அமைச்சு நினைத்தால் அடுத்த மாதமே எல்லா வார்ட்டுக்கும் அனுப்பலாம்.

அதுவரை, இதை வாசிக்கிறவர்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்தால், புதுத் திகதியோ ஒரு தொலைபேசி இலக்கமோ கிளினிக் கொப்பியில் எழுதப்படும்வரை வார்ட்டை விட்டு இறங்காதீர்கள்.